அண்டர்கிரவுண்ட் வேண்டாம், சரி. அதில் வைக்க நினைத்ததெல்லாம் எங்கே போகும்?

கேள்வி: சென்னைப் புறநகரான முடிச்சூரில் 30-க்கு 50 அடி மனை, வடக்குப் பார்த்தது. நான், மனைவி, 10 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. தரைத்தளம், மேலே ஒரு மாடி என்று கட்ட எண்ணம். முன்னும் பின்னும் 5 அடி, பக்கவாட்டில் 3 அடி விட்டு இன்ஜினியர் வரைந்திருக்கிறார். பாதி பூமிக்குள் இருக்கும்படி ஒரு அண்டர்கிரவுண்ட் போட்டால் கார், இன்வெர்ட்டர், பழைய சாமான் எல்லாம் அதற்குள் போய்விடும் என்கிறார் மைத்துனர். இன்ஜினியர் கூடாது என்கிறார். வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் படத்தில் அடைத்துப் பார்த்தால் வீடு குடோன் மாதிரி ஆகிவிடுகிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: இன்ஜினியர் சொன்னதுதான் சரி. மைத்துனரிடம் ஒரே ஒரு கணக்கைக் காட்டுங்கள். கார் இறங்கும் சரிவுக்கு 8 அடி ஓட்டத்துக்கு 1 அடி இறக்கம் என்பதே செங்குத்து. அதையும் மீறினால் வண்டியின் அடிப்பாகம் இடிக்கும். பாதி பூமிக்குள், அதாவது 4 அடி இறங்கவே 32 அடி சரிவு வேண்டும். முழுதாக 8 அடி இறங்க 64 அடி. உங்கள் மனையே 50 அடிதான். தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் இருந்த இருப்பை ஊரே பார்த்தது. மழை கொட்டும் இரவில் கரன்ட் போனால் பள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் நின்றுவிடும்.

சரி, உங்கள் படம் குடோன் மாதிரி ஆவதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை இல்லை. அறைகளை முதலில் வரைந்துவிட்டு, சாமான்களை மீதி இடத்தில் திணிக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் மட்டம், அடுத்து படிக்கட்டு, அப்புறம் சாமான், அதற்குப் பிறகுதான் அறைகள்.

மட்டம் என்றால் பேஸ்மட்டம், வீட்டின் தரை ரோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சுற்றியுள்ள தரையிலிருந்து 45 செ.மீ. என்று குறைந்தபட்சம் சொல்கிறது. உங்கள் பகுதிக்கு அது போதவே போதாது. தெருவில் பழைய வீட்டுக்காரர்களிடம் போய், 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் தடமே இருக்கும். முழங்கால் அளவு என்றால் 3 அடி பேஸ்மட்டத்தில் தப்பிக்கலாம். ஆளுயரம் என்றால் எந்தப் பேஸ்மட்டமும் காப்பாற்றாது. தூண் மேல் வீட்டைத் தூக்கி, கீழே வண்டி மட்டும் நிறுத்த வேண்டும். அப்படியானால் பெற்றோருக்கு லிஃப்ட் இல்லாமல் முடியாது; பட்ஜெட்டே வேறு. முழங்கால் அளவு என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்று 3 அடி என்பது பத்தாண்டில் இரண்டேகால் அடி ஆகலாம். அதனால் இறங்கி வராதீர்கள்.

ஆனால் 3 அடி என்பது அப்பா அம்மாவின் முழங்காலுக்குப் பகை. 6 அங்குலப் படியாக 6 படி ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு என்றால் 36 அடி நீளம். மனையில் முக்கால் பங்கு. இதற்கு நான் சொல்லும் வழி: 3 அடியை ஓரிடத்திலேயே ஏறாமல் இரண்டாகப் பிரியுங்கள். கேட்டில் ரோட்டைவிட 3 அங்குலம் உயரத்தில் தொடங்கும் போர்ட்டிகோ தரை, உள்ளே போகப் போக 16 அடியில் 1 அடி உயரம் வரை ஏறட்டும். நடப்பவருக்குச் சரிவு என்றே தெரியாது, கழுவிய தண்ணீரும் தானாகக் கேட் பக்கம் ஓடிவிடும். மீதி 2 அடிக்கு 4 படி. ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. சரிவை ரோட்டுக்குள் நீட்டி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மழைநீர் வடிகாலை அதுதான் அடைக்கிறது.

உள்ளே கொட்டும் மண்ணை முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்கச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். ஒரே மூச்சில் 3 அடியும் கொட்டி மூடினால் இரண்டு மழைக்குள் டைல்ஸ் இறங்கும்.

அடுத்து படிக்கட்டு. இதைத்தான் எல்லோரும் கடைசியில் எங்காவது சொருகுகிறார்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 126 அங்குலம். 7 அங்குல உயரத்தில் 18 படி. பாதியில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 9. ஒன்பதாவது ஏற்றம் திரும்பும் தளத்திலேயே முடிவதால் மிதிப்பு எட்டுதான். மிதிப்பு 10 அங்குலம் என்றால் ஓட்டம் 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துக்கு 3 அடி, கீழே நிற்க 3 அடி. ஆக 12 அடி 8 அங்குல நீளம், ஆறரை அடி அகலம். இதைவிடச் சின்னதாக ஒருவர் வரைந்து காட்டினால் படியின் மிதிப்பில் கை வைத்திருக்கிறார் என்று பொருள். அப்பா அம்மா மாடிக்குப் போகப்போவதில்லை என்று நினைக்காதீர்கள், பேரப்பிள்ளைகள் மேலேதான் இருப்பார்கள்.

இப்போது உங்கள் மனையில் வைத்துப் பார்ப்போம். கட்டடம் 24-க்கு 40. வெளிச்சுவர் 9 அங்குலம், நடுச்சுவர் நாலரை அங்குலம் போக, அகலத்தில் ஏறக்குறைய 11, 11 என்று இரண்டு பத்தி, அதாவது நீளவாக்கில் இரண்டு பட்டை, கிடைக்கும். நீளம் உள்ளளவில் முப்பத்தெட்டரை அடி.

கிழக்குப் பத்தியில் முன்னாலிருந்து ஹால் 15 அடி, அதோடு சுவரில்லாமல் சாப்பிடும் இடம் 10 அடி, சமையலறை 9 அடி, கடைசியில் பாத்திரம் தேய்க்க மூன்றரை அடி. மேற்குப் பத்தியில் முன்னால் போர்ட்டிகோ: வீட்டுக்குள்ளிருந்து 11 அடி, முன்னால் விட்ட 5 அடி, ஆக 16 அடிக்குக் கார் நிற்கும். அதற்குப் பின்னால் படிக்கட்டு, அதற்குப் பின் 5 அடி அகலத்தில் கழிப்பறைகள், தென்மேற்கில் 13-க்கு 11-இல் பெற்றோர் அறை. படிக்கட்டும் கழிப்பறையும் மேற்குச் சுவரை ஒட்டி இருப்பதால் சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். பெற்றோர் அறையில் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி வையுங்கள், சூடும் தணியும்.

படிக்கட்டுக்கு 12 அடி 8 அங்குலம் வேண்டும், மேற்குப் பத்தியோ 11 அடிதானே என்று கேட்பீர்கள். மீதியைக் கிழக்குப் பத்திக்குள் நீட்டுங்கள். அது ஹாலும் சாப்பிடும் இடமும் சேரும் முனையில் வருகிறது. வாசலில் நிற்பவருக்குச் சாப்பாட்டு மேசை தெரியாமல் ஒரு மறைப்பும் கிடைக்கும், 9 அடி வழியும் இருக்கும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. படிக்கட்டு போர்ட்டிகோவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிறது. காருக்கு 8 அடி போக, ஹால் சுவரோரம் 3 அடி அகலம் மிஞ்சும். அதில்தான் அந்த 4 படியும், முடிவில் 4 அடிக்கு ஒரு மேடையும். மேடையிலிருந்து ஹாலுக்கு ஒரு கதவு, படிக்கட்டுக்கு இன்னொரு கதவு. படிக்கட்டிலிருந்து வீட்டுக்குள் மூன்றாவது வழி. இப்போது உள்வழியைத் திறந்து வைத்து ஒரே வீடாகப் புழங்குங்கள். 15 வருஷம் கழித்துப் பிள்ளைகள் வெளியூர் போய், மாடியை வாடகைக்கு விட நினைத்தால் உள்வழியைப் பூட்டினால் போதும், இரண்டு வீடு. படிக்கட்டை வெளியே வைக்கலாமா உள்ளே வைக்கலாமா என்ற சண்டையே வேண்டாம். வாசல் கதவு வடக்குப் பார்த்துத்தான் வேண்டும் என்றால் ஹாலின் முன்சுவரிலும் வைக்கலாம். ஆனால் மழையில் நனையாமல் காரிலிருந்து உள்ளே போகும் வசதி போய்விடும்.

இனி சாமான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அண்டர்கிரவுண்டில் போகும் என்று நினைத்ததையெல்லாம் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இப்படித்தான் இருக்கும்: இன்வெர்ட்டர், பேட்டரி, சைக்கிள், பெட்டிகள், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய பாத்திரங்கள், கொலு பொம்மை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பழைய புத்தகம், யாரும் தூக்கிப் போடத் துணியாத ஒரு கட்டில். பக்கத்தில் இரண்டே குறி: தினமும் வேண்டுமா, நனைந்தால் போய்விடுமா.

நனையக் கூடாததும் எப்போதாவது எடுப்பதும் மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் கூண்டுக்குப் போகட்டும். அதை 4 அடி நீட்டிக் கட்டுங்கள், அதுதான் உங்கள் ஸ்டோர் ரூம். வெயில் ஏறும் என்பதால் மெழுகும் அரக்கும் அங்கே வேண்டாம், பொம்மையும் பாத்திரமும் தாங்கும். பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் முதல் மாடி அலமாரியில். படுக்கையறைகளில் கதவுக்கு மேல், 7 அடி மட்டத்தில், 2 அடி அகலப் பரண். ஆனால் எல்லாச் சுவரிலும் வேண்டாம், அறை தாழ்ந்து அமுக்கும். ஒரு அறைக்கு ஒரு பக்கம் போதும், கதவு போட்டு மூடுங்கள்.

படிக்கட்டுக்குக் கீழே என்ன கிடைக்கும் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். திரும்பும் தளம் தரையிலிருந்து 63 அங்குலத்தில் வருகிறது. கான்கிரீட் கனம் போக 4 அடி 9 அங்குலம். அதற்குள் கழிப்பறை வைக்கச் சொல்பவர் இன்னும் இருக்கிறார். குனிந்துகொண்டு யார் போவது? இரண்டு சைக்கிள், துடைப்பம், வாளி, அரிசி டின். அவ்வளவுதான். இன்வெர்ட்டரை அங்கே தரையில் வைக்காதீர்கள், மாடியில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

வாஷிங் மெஷினும் மாடிக்கே. ஆறு பேரில் நாலு பேர் மேலே தூங்குகிறீர்கள், துணி காய்வதும் மொட்டைமாடியில். ஈரத்துணியை இரண்டு தளம் தூக்கிக்கொண்டு ஏறுவதை ஏன் வீட்டு வழக்கமாக்க வேண்டும்?

சமையலறை தென்கிழக்கில் வருவது வாஸ்துக்காரர்களுக்குச் சந்தோஷம். கடல்காற்று அடிப்பதும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான். தாளிக்கிற நெடி முழுவதையும் அந்தக் காற்று ஹாலுக்குக் கொண்டு வரும். சமையலறைக்குக் கதவு வையுங்கள், பாத்திரம் தேய்க்கும் இடத்தின் தெற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். திறந்த சமையலறை படத்தில் அழகு, மீன் வறுக்கும் நாளில் இல்லை.

பக்கத்து மனையில் வீடு வந்ததும் உங்கள் 3 அடிச் சந்துகள் இருண்டுவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து எதிர்பார்க்காமல் முன், பின், மேல் என்று எடுங்கள். பெற்றோர் அறைக்குத் தெற்கில் பெரிய ஜன்னல், எதிர்க்காற்றுக்கு மேற்கில் அலமாரிக்கு நடுவே சின்னது ஒன்று. எங்களைப் போன்ற புழுக்கமான ஊர்களுக்குத் திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்பது விதி. 143 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 24 சதுர அடி. நடுவில் இருக்கும் சாப்பிடும் இடத்துக்குப் படிக்கட்டுக் கூண்டில் உயரத்தில் வைக்கும் ஜன்னல்தான் விளக்கு. சூடான காற்றும் அந்த வழியாகவே வெளியேறும்.

பெற்றோர் கழிப்பறை 5-க்கு 7. கதவு இரண்டரை அடி என்பதை 3 அடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. மீதி 5-க்கு மூன்றரையில் விருந்தாளிகளுக்கு ஒன்று. மாடியிலும் கழிப்பறைக்கு நேர் மேலே கழிப்பறை. வெள்ளத்தில் கழிவுநீர் திரும்பி முதலில் பொங்குவது தரைத்தளக் கோப்பையில்தான், ஆகவே வெளியே போகும் குழாயில் நீர் திரும்பாத வால்வு கட்டாயம். சம்ப் மூடியைத் தரையோடு தரையாக வைக்காமல் 1 அடியாவது தூக்கிக் கட்டுங்கள். முன்பக்கக் கிழக்கு மூலையில் சம்ப், முடிந்தவரை தள்ளிப் பின்பக்கம் செப்டிக் டேங்க். ஈபி மீட்டரும் பிளக் பாயின்ட்களும் கீழ்த்தளத்தில் 4 அடிக்கு மேல். மாடிக்குத் தனி ட்ரிப் சுவிட்ச். கீழே தண்ணீர் வந்தாலும் மேலே ஃபேன் ஓட வேண்டும்.

மாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ச்சுவருக்கு மேல் சுவர் வந்தால் உங்களுக்கு ஒரு அறை, பிள்ளைகளுக்கு ஹாலுக்கு மேலே 15-க்கு 11 (பிற்பாடு நடுவே தட்டி வைத்துப் பிரிக்கலாம்), போர்ட்டிகோவுக்கு மேலே படிக்கும் அறை அல்லது பால்கனி.

இன்ஜினியரிடம் தரைப்படம் மட்டும் வாங்கி வராதீர்கள். ரோடு, போர்ட்டிகோ, வீட்டுத் தரை, படிக்கட்டு, கூண்டு எல்லாவற்றின் உயரமும் தெரியும் குறுக்கு வெட்டுப் படத்தையும் கேளுங்கள். இரண்டு தளமும் சேர்ந்து ஏறக்குறைய 1,900 சதுர அடி வரும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்பவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையின் பரப்பளவு வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். அதில் நேரில் வந்து பார்க்காமலேயே அனுமதி கிடைத்துவிடும், படத்துக்கு உறுதி சொல்வது நீங்கள். எனவே படிக்கட்டை நீட்டுவது, கூண்டைப் பெரிதாக்குவது போன்ற மாற்றங்களை எல்லாம் படம் பதிவேற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.