வளரிளம் பிள்ளைகளும் வாழ்க்கைத் திறனும்: ரீச்சரிடம் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் 26 வருடம் படிப்பித்தவள் நான். அதில் பாதிக்காலம் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருந்தேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

ரீச்சர், தரம் 9க்கு கிழமையில் ஒரு பாடவேளை கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். (ஆசிரியர், சாவகச்சேரி)

கொட்டாவி வராமல் என்ன செய்யும் தம்பி? முடிவெடுத்தல், பிறர் நிலை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகிற பட்டியல் அது. சைக்கிள் ஓடுவதைக் கொப்பியில் எழுதிப் பழகியவர் உண்டோ?

ஒன்றை மட்டும் எடுங்கள்: மறுக்கப் பழகுவது. ரியூசன் முடிந்து வரும் வழியில் கூட்டாளி மாவா (புகையிலை கலந்த பாக்கு) நீட்டுகிறான். இரண்டு பெடியன்களை முன்னுக்குக் கூப்பிட்டு நடிக்க விடுங்கள். முதல் தரம் சிரித்தே சமாளிப்பார்கள். இரண்டாம் தரம், நீட்டுகிறவன் "பயந்தாங்கொள்ளி" என்று நக்கலடிக்கட்டும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. மறுக்கவும் வேண்டும், கூட்டாளியை இழக்கவும் கூடாது. அதற்கு என்ன சொல்லலாம் என்று வகுப்பே தேடட்டும். என் வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்தது: "அம்மா வாய் மணந்து பார்ப்பா, விடடா." எந்தக் கைநூலிலும் இது வராது. தவணைக்கு மூன்று திறன் போதும்.

வெளியில் இருந்து வந்து பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வாழ்க்கைத் திறன் செயலமர்வு செய்து தருகிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? (அதிபர்)

சாப்பாட்டுப் பொதி நன்றாக இருக்கும், சேர். மற்றபடி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். போர் பாதித்த எங்கள் வடக்கிலேயே 399 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பள்ளிக்கூடத்தில் 15 மனநல ஆதரவு அமர்வுகள், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருப்போர் பட்டியலில். 2012இல் முடிவு வெளிவந்தபோது, நடத்தைப் பிரச்சினைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றில் மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை, அமர்வில் இருந்த பெண் பிள்ளைகளைவிடக் காத்திருந்த பெண் பிள்ளைகளே கூடத் தேறியிருந்தார்கள். பதினைந்து அமர்வின் கதை இது. இரண்டு நாளை நீங்களே கணக்குப் போடுங்கள். வருகிறவர்களிடம், "பிள்ளைகளை விடுங்கள், எங்கள் வகுப்பாசிரியர்களைப் பழக்குங்கள், அடுத்த தவணையும் வந்து பாருங்கள்" என்று கேளுங்கள். பழைய துயரத்தைப் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் சொல்லவைக்க மட்டும் விடாதீர்கள்.

மகள் தரம் 10. காலமை ஐந்தரைக்கே ரியூசன். கணிதத்தில் 38 எடுத்தாள், மூன்று நாளாகக் கதைக்கிறாள் இல்லை. மனவலிமையை எப்படி ஊட்டுவது? (தாய், கொக்குவில்)

முதலில் நித்திரை, தங்கச்சி. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். காலமை ரியூசனை நிற்பாட்டச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: நிற்பாட்டுங்கள்.

ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு என்று கடும் கஷ்டத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே நிமிர்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கபலமாக ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார்: அம்மம்மாவோ, மாமியோ, ஒரு ரீச்சரோ. ஒரு கிழமைக்கு 38ஐப் பற்றி வாயே திறக்காத பெரியவராக இருந்து பாருங்கள். தோசை சுடும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

நாங்கள் அடி வாங்கித்தானே உறுதியாக வளர்ந்தோம்?

நானும் தொடக்கத்தில் தடி வைத்திருந்தவள்தான். பிள்ளைகள் என்னிடம் கற்றது நம்பும்படி பொய் சொல்வதை. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையும் உடல் தண்டனை கூடாது என்கிறது.

"இருந்து என்ன பிரயோசனம்" என்கிறான் கூட்டாளி. ஒருவருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிவிட்டான். (மாணவன், தரம் 11)

அந்தச் சத்தியத்தை மீறு, மகன். "சாகவேண்டும் போல இருக்கா?" என்று அவனிடம் நேரே கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதே. இன்றைக்கே நீ நம்பும் ஒரு பெரியவரிடம் சொல். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். பெரியவர் "சும்மா சொல்லுறான்" என்று தட்டிக்கழித்தால் அடுத்த ஆளிடம் போ. அவன் உன்னோடு கோபிப்பான், கொஞ்ச நாள் கதைக்கவும் மாட்டான். கோபிக்கட்டும்.