காலநிலை விவாதத்துக்கு எதிர் அணி வேண்டுமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். மாணவர் விவாத அரங்குக்கு 'காலநிலை மாற்றத்துக்கு மனிதர்களா காரணம்?' என்று தலைப்பு கொடுத்து, ஆதரவாக ஓர் அணி, எதிராக ஓர் அணி என்று பிரிக்க நினைத்தேன். சக ஆசிரியர் ஒருவர், 'அது முடிந்துபோன விஷயம், எதிர் அணியே கூடாது' என்கிறார். இன்னொருவர், 'பெரிய பெரிய நாட்டுத் தலைவர்களே நம்பவில்லை, நாம் மட்டும் எப்படி ஒரு பக்கமாகப் பேசுவது?' என்கிறார். நான் அறிவியல் படித்தவள் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: எதிர் அணி தாராளமாக இருக்கட்டும். தலைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

காலநிலைச் சண்டை என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் ஐந்து தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பூமி சூடாகிறதா? அதற்கு மனிதர்கள் காரணமா? இன்னும் எவ்வளவு சூடாகும்? அதனால் எங்கே, யாருக்கு, என்ன ஆகும்? அதற்கு யார் என்ன செய்ய வேண்டும், செலவு யார் தலையில்? முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்கு ஒரு வரம்பு சொல்ல முடியும், ஒற்றை எண் சொல்ல முடியாது. நான்காவதில் ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. ஐந்தாவதை ஆய்வகத்தில் தீர்க்க முடியாது, அது முழுக்க அரசியல். உங்கள் தலைப்பு இரண்டாவது கேள்வியில் நிற்கிறது. அங்கே எதிர் அணிக்குப் பேசச் சரக்கு இல்லை. பாவம், அந்தப் பிள்ளைகள் இணையத்தில் அகப்பட்டதைப் பொறுக்கி வந்து ஒப்பிப்பார்கள்.

சரி, 'முடிந்துபோன விஷயம்' என்று சொன்னால் மட்டும் போதாது. எப்படி முடிந்தது என்று ஒரு மாணவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது எந்தக் கட்சியும் கண்டுபிடித்ததில்லை. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, அந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றதைவிட அதிகமாகச் சூடாவதைப் பார்த்து எழுதினார். 1859இல் ஜான் டிண்டால் எந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது என்று கருவி வைத்து அளந்தார். 1896இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கே போட்டார். அவருடைய விடை இன்றைய மதிப்பீட்டைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் திசை சரி. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280தான் என்று பழைய பனிக்கட்டிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன.

'எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே?' என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நிலக்கரி, பெட்ரோலில் உள்ள கார்பன் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. அதனால், காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பன்-14 அதில் மிச்சமில்லை. காற்றில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1955லேயே காட்டினார். எரிமலைக் கார்பனிலும் அது கிடையாதே என்று கெட்டிக்காரப் பிள்ளை மடக்கினால், அடுத்த சான்றுக்குப் போங்கள். எதையாவது எரித்தால் காற்றில் உள்ள ஆக்சிஜன் செலவாகும். எரிமலை வாயு வெளிவருவதால் அப்படிச் செலவாகாது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் இதை அளந்துவருகிறார். ஆக்சிஜன் மிகச் சிறிய அளவில், ஆனால் விடாமல் குறைந்துகொண்டே வருகிறது. (மூச்சுத் திணறும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

அடுத்து 'சூரியன்தான் காரணம்' என்பார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் அளவை நேரடியாக அளக்கின்றன. சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, நிலையான ஏற்றம் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்த சான்று வேறு. சூரியனால் சூடு ஏறியிருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்கும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடாகும், மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும். சியூகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் கணினிக் கணக்கில் இதைச் சொன்னார்கள். அப்போது அதைச் சரிபார்க்கும் செயற்கைக்கோள் தரவுகூடக் கிடையாது. பின்னால் அளந்தபோது அப்படியே இருந்தது. மனாபேவுக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. சந்தேகப்படுவது அறிவியலுக்கு எதிரானது இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய வெப்பநிலைப் பதிவுகளை நம்பவில்லை. நகரச் சூடு கணக்கில் கலந்துவிட்டதோ, வேண்டிய நிலையங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்களோ என்று சந்தேகப்பட்டு, ஒரு குழு அமைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டார். அதற்கு நிதி கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் அதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. 2012இல் அவர் அறிவித்த முடிவு: பூமி சூடாவது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்கள். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த காலநிலை ஆய்வாளர்கள் ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் இருவரும் செயற்கைக்கோள் தரவை வைத்து நேரெதிராக வாதாடினார்கள். 1998இலும் 2005இலும் அவர்கள் கணக்கில் பிழைகளை மற்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், அவர்களும் திருத்திக்கொண்டார்கள். இப்போது அவர்கள் தரவே சூடேறுவதைத்தான் காட்டுகிறது. எவ்வளவு சூடேறும், அது எவ்வளவு ஆபத்து என்பதில் மட்டும் அவர்கள் இன்னும் மாறுபடுகிறார்கள்.

அரசியல்வாதியின் சந்தேகத்துக்கு இந்த வழக்கம் கிடையாது. அது தரவு வந்தபின் மாறுவதில்லை, தேர்தல் வந்தால் மாறுகிறது. உங்கள் மாணவர்கள் உண்மையிலேயே தோண்ட வேண்டிய இடம் இதுதான்.

ஏனென்றால் இது ஆரம்பத்திலிருந்தே கட்சிச் சண்டையாக இருக்கவில்லை. வேதியியல் படித்த மார்கரெட் தாட்சர், பிரிட்டனின் வலதுசாரிப் பிரதமர், 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் காலநிலை பற்றி எச்சரித்துப் பேசினார். (பின்னாளில் அவரே சுருதி மாறினார்.) அமெரிக்காவில் மூத்த புஷ் 1988 பிரச்சாரத்தில் பசுங்குடில் விளைவைச் சமாளிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார், 1992இல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அப்போது அது வெறும் கொள்கை அறிவிப்பு. எரிபொருளைக் குறைக்கும் கட்டாயம் வரும் என்று தெரிந்த பிறகுதான் குரல் மாறியது. 1997இல், பணக்கார நாடுகள் வெளியேற்றத்தைக் குறைக்க ஒப்பந்தம் போட்ட கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன் அமெரிக்க செனட் 95-0 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அதில் முதலில் இருந்த பெயர் ராபர்ட் பேர்ட், நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சிக்காரர். வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாமல், நம் பொருளாதாரத்துக்கு அடி விழும்படியாகக் கையெழுத்துப் போடாதே என்பதுதான் அந்தத் தீர்மானத்தின் சாரம். ஐந்தாவது கேள்வி!

2001 மார்ச்சில் இளைய புஷ் கியோட்டோவை எதிர்த்து எழுதிய கடிதம் இன்னும் சுவாரஸ்யமானது. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் விலக்கு, அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கேடு என்று ஐந்தாவது கேள்வியில் பேசிக்கொண்டே வந்து, காரணங்கள் பற்றிய அறிவியல் முழுமையாகவில்லை என்று இரண்டாவது கேள்வியிலும் கை வைக்கிறார். அவர் அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் தேசிய அறிவியல் அகாதமி அதே ஜூனில் அறிக்கை தந்தது. சூடேற்றத்தின் பெரும்பகுதிக்கு மனிதச் செயல்களே காரணமாக இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சி ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ் ஒரு குறிப்பு எழுதினார்: அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்பதையே முன்னிறுத்துங்கள், மக்கள் அது முடிந்துவிட்டது என்று நம்பினால் அவர்கள் பார்வை மாறிவிடும். 2019இல் செனட் குழு ஒன்றின் முன் தான் சொன்னது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

கட்சியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்லிஸ் காலநிலை மாற்றத்தை ஏற்றுக்கொண்டு கார்பன் வரியை ஆதரித்தார். 2010இல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், மற்ற உறுப்பினர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். எண்ணெய் மாநிலமான ஓக்லஹோமாவின் ஜிம் இன்ஹோஃப் 2015 பிப்ரவரியில் செனட் அவைக்குள் பனி உருண்டை கொண்டுவந்து வீசினார், வெளியே குளிர்கிறதே என்று. அந்த ஆண்டு அதுவரை பதிவானதிலேயே மிகச் சூடான ஆண்டாக முடிந்தது.

நம்புகிற அரசியல்வாதிகளையும் சும்மா விடாதீர்கள். 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர், சில ஆண்டுகளிலேயே கோடையில் ஆர்க்டிக் கடலில் பனியே இல்லாமல் போக 75 சதவீத வாய்ப்பு என்றார். யாருடைய ஆய்வைச் சொன்னாரோ அந்த விஞ்ஞானியே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பனி வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்றுவரை முழுக்க மறையவில்லை. ஐபிசிசி எனப்படும் ஐ.நா. காலநிலைக் குழுவும் சறுக்கியது. 2035க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று 2007 அறிக்கையில் இருந்த வரி அடிப்படையே இல்லாதது, 2010 ஜனவரியில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். இதையெல்லாம் எதிர் அணி எடுத்துப் பேசினால் மதிப்பெண் கொடுங்கள். அதிலிருந்து 'அதனால் சூடேற்றமே பொய்' என்று தாவினால் குறைத்துவிடுங்கள்.

சம நேரம் கொடுப்பதுதான் நடுநிலை என்ற எண்ணத்தில் பெரிய ஊடகங்களே மாட்டியிருக்கின்றன. 2017இல் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலக வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்று பிபிசி வானொலியில் சொன்னார். நெறியாளர் மறுக்கவில்லை. அது தவறான தகவல். துல்லிய விதியை பிபிசி மீறியதாக ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு ஆஃப்காம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. உங்கள் அரங்கிலும் நடுவருக்கு ஒரே ஒரு ஆயுதம் கொடுங்கள்: யாராவது 'சூடு குறைந்தது', 'நின்றுவிட்டது' என்றால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று கேட்க வேண்டும். பசிபிக் கடல் இயற்கையாகவே சூடாகும் எல் நினோவால் உச்சத்துக்குப் போன 1998இல் தொடங்கிக் கோடு போட்டால், அடுத்த சில ஆண்டுகள் தட்டையாகத்தான் தெரியும்.

அப்படியானால் எதைப் பற்றி விவாதிப்பது? மூன்றாவது கேள்வியே மூத்த மாணவர்களுக்குத் தீனி. கரியமில வாயு இரட்டிப்பானால் 1.5 முதல் 4.5 டிகிரிவரை சூடேறலாம் என்று 1979இல் அமெரிக்காவில் சார்னி குழு சொன்னது. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் 2021 ஐபிசிசி அறிக்கை அதை 2.5 முதல் 4 என்று சுருக்கியது. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் பெரிய தலைவலி. காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் குழு 2023இல் 4.8 வரலாம் என்றது, மைக்கேல் மான் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. 'விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு' என்பது உண்மைதான். ஆனால் அங்கே சண்டை மோசமா, ரொம்ப மோசமா என்பதில்.

ஐந்தாவது கேள்வியில் இரண்டு அணிக்கும் சரிசமமாகச் சரக்கு உண்டு. 'வெளியேற்றத்தைக் குறைக்கும் பொறுப்பை வரலாற்றுக் கணக்குப்படி பிரிக்க வேண்டுமா, இன்றைய கணக்குப்படியா?' என்று தலைப்பு வையுங்கள். இதுவரை வெளியான கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால் பங்கு அமெரிக்காவுடையது. இன்று ஆண்டுதோறும் வெளியாவதில் சுமார் 30 சதவீதம் சீனாவுடையது. ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009இல் பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கு 2020க்குள் நிறைவேறியிருக்க வேண்டும், 2022இல்தான் எட்டியது. இதையெல்லாம் வைத்து இரு பக்கமும் நேர்மையாக மோதலாம், யாரும் வெப்பமானியோடு சண்டை போட வேண்டியதில்லை.

படிக்கக் கொடுக்க ஐபிசிசி அறிக்கைச் சுருக்கமும், அதன் கேள்வி-பதில் பக்கங்களும் போதும். இந்தச் சுருக்கத்தை எண்ணெய் விற்கும் நாடுகள் உட்பட எல்லா அரசுகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து வரி வரியாக ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுகிறார்கள். 'அது ஆர்வலர் கூட்டம்' என்று ஒரு தலைவர் சொன்னதாக மாணவர் மேற்கோள் காட்டினால், அந்தத் தலைவரின் நாட்டுப் பிரதிநிதி என்ன சொன்னார் என்று எதிரணி கேட்கலாம். தாள்களைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தைய நாள் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் வந்ததுதான் மேடைக்கு வரும்.