மகளைக் காணோம் என்று போனால் ரசீது கொடுத்து அனுப்பினார்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மூன்று நாட்களுக்கு முன் டியூஷனுக்குப் போனவள் திரும்பவில்லை. அன்றிரவே ஸ்டேஷனுக்குப் போனோம். “24 மணி நேரம் பாருங்க, சிநேகிதி வீட்ல இருப்பா” என்றார்கள். மறுநாள் புகாரை வாங்கி ஒரு ரசீது கொடுத்தார்கள். அவளைக் கடைசியாகப் பார்த்த பஸ் ஸ்டாண்ட் வேறு ஸ்டேஷன் லிமிட்டாம். “யாரையாவது லவ் பண்ணாளா?” என்பதற்கு மேல் எதுவும் விசாரிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர். என்று போட்டு ஓர் எண் இருக்கும். உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கும். சி.எஸ்.ஆரையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி, பீரோவில் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நிறைய.

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2013 மே மாதம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 18 வயது நிரம்பாதவரைக் காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், கடத்தல் அல்லது ஆள் கடத்தல் வணிகம் என்ற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். எனவே ‘சிறுமி காணவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 137-ஆம் பிரிவை, அதாவது கடத்தல் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, அவள் தானாகவே போயிருந்தால்? போலீஸ் மனதில் ஓடுவது இதுதான். மைனர் பெண் தன் விருப்பத்தில் வீட்டை விட்டுப் போனால், அவளுடன் போனவர் செய்தது கடத்தலாகுமா என்ற வாதம், மெட்ராஸ் மாநிலத்துக்கு எதிரான வரதராஜன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. அழைத்துப் போவதும், தானாக வருபவளைக் கூட வர விடுவதும் ஒன்றல்ல என்று அதில் வரதராஜனை விடுவித்தார்கள். ஆனால் அது சாட்சிகளை எடைபோட்டு நீதிபதிகள் எடுத்த முடிவு. புகார் வாங்கும் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யும் விஷயமல்ல. காதலோ கடத்தலோ, பிள்ளையைத் தேடித்தானே ஆக வேண்டும்?

லிமிட் பிரச்சினையும் சாக்குதான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்வது அவர்கள் பாடு.

இன்றே புதிதாக ஒரு புகார் எழுதுங்கள். அண்மைப் புகைப்படம், அடையாளங்கள், அன்று போட்டிருந்த உடை, செல்போன் எண், போன் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் இருக்கட்டும். முக்கியமாக, ‘இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பஸ் ஸ்டாண்ட் கேமராப் பதிவைக் கைப்பற்ற வேண்டும்’ என்று எழுதுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு அழிந்து அதன்மேலேயே புதியது ஏறிவிடும். மூன்று நாள் போய்விட்டது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த ஒரு வரி பத்துப் பக்க முறையீட்டைவிடப் பயன்படும். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடமும் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லிவிடுங்கள்.

அப்போதும் பதிய மறுத்தால், அதே புகாரை எஸ்.பி.க்கு (மாநகரமென்றால் கமிஷனருக்கு) பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப்போடலாம். அதற்கு நாளாகும் என்பதால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போடலாமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் உடனே பேசுங்கள். யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால்தான் அந்த மனு நிற்கும். யார் மீதாவது சந்தேகம் இருந்தால், குடும்ப மானம் என்று மறைக்காமல் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

நான்கு மாதமாகியும் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அதைக் கணக்கிடவும் உங்களிடம் எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டும். நகல் இலவசம், கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.