ஸ்க்ரூ கம்பெனியிலிருந்து மேயர் நாற்காலிக்கு

கேள்வி: வியாபாரி மேயரானால் எல்லாவற்றிலும் லாப நஷ்டம்தான் பார்ப்பார், ஊருக்கு நல்லது நடக்காது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். தொழிலதிபராக இருந்து நல்ல மேயர் என்றும் பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?
- ஈரோடு வாசகர்

பதில்: உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் மேயராக 1873 முதல் 1876 வரை இருந்த ஜோசப் சேம்பர்லின். அவரும் லாப நஷ்டம் பார்த்தவர்தான், ஆனால் எதில் லாபம் எடுக்கலாம், எதில் எடுக்கவே கூடாது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

1836இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஷூ வியாபாரி. 16 வயதில் குடும்பத் தொழிலுக்கு வந்தவரை 18 வயதில் பர்மிங்காமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அத்தை கணவர் நெட்டில்ஃபோல்டு மர ஸ்க்ரூ தயாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஸ்க்ரூவுக்கு முனை மொட்டை, முதலில் மரத்தில் துளை போட்டால்தான் இறங்கும். தானாகவே மரத்தைத் துளைத்து இறங்கும் கூர்முனை ஸ்க்ரூவை அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் காப்புரிமையை நெட்டில்ஃபோல்டு வாங்க, சேம்பர்லினின் அப்பா பணம் போட்டுப் பங்காளியானார். மகன் கணக்கையும் விற்பனையையும் பார்த்தார். ஒரு கட்டத்தில் இங்கிலாந்தில் தயாரான ஸ்க்ரூக்களில் மூன்றில் இரண்டு பங்கு இவர்களுடையது. 1874இல், 38 வயதில், கை நிறையப் பணத்தோடு தொழிலிலிருந்து விலகிவிட்டார். அப்போது அவர் மேயராகி ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை.

அந்த ஊர் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். வரியை ஏற்றக் கூடாது, செலவும் செய்யக் கூடாது என்பதே நெடுநாள் நகர்மன்றத்தின் கொள்கை. தண்ணீர் ஒரு தனியார் கம்பெனியின் கையில், அதுவும் குழாயில் வாரத்துக்கு 3 நாள்தான் வரும். ஊரில் பாதிப் பேர் சாக்கடை கசிந்த கிணறுகளை நம்பி இருந்தார்கள். காஸ் (தெரு விளக்கும் வீட்டு விளக்கும் அப்போது காஸில்தான் எரிந்தன) இரண்டு தனியார் கம்பெனிகளிடம் இருந்தது, குழாய் போடுகிறோம் என்று இரண்டும் மாறி மாறித் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தன.

சேம்பர்லின் இரண்டு காஸ் கம்பெனிகளையும் சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு நகராட்சிக்காக வாங்கினார். கடன்தான். இவ்வளவு கடனா என்று பலர் பயந்தார்கள், ஆனால் முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு லாபம் வந்தது. பிற்பாடு 1885இல் திறந்த நகர அருங்காட்சியகமும் கலைக்கூடமும்கூட காஸ் இலாகா தன் புது அலுவலகத்துக்கு மேல் மாடியாகக் கட்டிக்கொடுத்ததுதான்!

அடுத்தது தண்ணீர். 1876இல் 13.5 லட்சம் பவுண்டு கொடுத்து அந்தக் கம்பெனியையும் வாங்கினார்கள். காஸில் லாபம் எடுக்கலாம், தண்ணீரில் ஒரு காசு லாபம் வேண்டாம், லாபம் வந்தால் விலையைக் குறைத்துவிடுவோம், மக்களின் ஆரோக்கியமே நமக்கு வருமானம் என்றார். இதைச் சொன்னவர் சந்தையில் போட்டியாளர்களை ஓரங்கட்டி வளர்ந்த ஒரு முதலாளி. என் மதிப்பில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். விளக்கு இல்லாத வீடு இருட்டில் இருக்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் குழந்தை செத்துப்போகும். உங்கள் நண்பரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சேரிகளை இடித்துக் கடைத்தெரு கட்டியவரும் இவர்தானே? அதையும் சாதனை என்பீர்களா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: என்னால் முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. 1875இல் வந்த ஒரு சட்டத்தைப் பயன்படுத்தி நகரின் நடுவே இருந்த சேரிப் பகுதியை நகராட்சி வளைத்து வாங்கியது, சேம்பர்லின் தன் சொந்தப் பணம் 10,000 பவுண்டும் கொடுத்தார். அங்கே எழுந்ததுதான் கார்ப்பரேஷன் தெரு. நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது கெட்டிக்காரத்தனம், குத்தகை முடிந்ததும் எல்லாம் ஊருக்கே திரும்பிவிடும். ஆனால் அங்கே குடியிருந்த ஏழைகளுக்கு மாற்று வீடு கட்டித் தரவில்லை. அவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இந்தக் குறையை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், அவர் நாடாளுமன்றம் போய் 1895 முதல் 1903 வரை காலனி மந்திரியாக இருந்தார். இலங்கையும் மலாயாவும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. தென்னாப்பிரிக்காவில் போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) மக்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போருக்கு அவருடைய பங்கு பெரியது. ஊருக்கு நல்லது செய்த அதே கை என்று நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: ஹிட்லரோடு மியூனிக் ஒப்பந்தம் போட்ட பிரதமர் சேம்பர்லின் இவருக்கு உறவா?
- மதுரை வாசகர்

பதில்: மகன், நெவில். அவரும் பர்மிங்காமில் தொழில் நடத்தி, 1915இல் அதே ஊருக்கு மேயரானவர். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமிக்க நகராட்சியே ஒரு வங்கி நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்று 1916இல் தொடங்க வைத்தார். அந்த வங்கி 1970கள் வரை ஓடியது.