அந்த 9 உங்கள் மனைவியின் கணக்கு இல்லை, தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கொக்குவிலில் இருக்கிறீர்கள், ஊகாண்டாவில் ஜிஞ்சாப் பக்கம் ஒரு சீனித் தொழிற்சாலையில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது, மனைவிக்கு மூன்றாம் மாதம், மகனுக்கு இரண்டரை வயது, நவம்பரில் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். ஊகாண்டாவில் எடுத்த 2018-19 மலேரியாக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 9 பேரிடம்தான் மலேரியா இருந்தது என்று வாசித்தீர்களாம், நாங்கள் எல்லாரும் மலேரியா வந்து குளோரோகுயின் போட்டு எழும்பினவர்கள்தானே என்று அப்பாவும் சொல்கிறாராம்.

முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் முன்னுக்குப் போங்கள், மனைவி இங்கேயே பிள்ளையைப் பெறட்டும். ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன். நான் 2007இல் இருந்து ஜிஞ்சாவில்தான் இருக்கிறேன், ஆய்வுகூட வேலை, நுணுக்குக்காட்டியில் ஸ்லைட் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திருநெல்வேலி வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன்.

அப்பா சொல்வது பொய் இல்லை. எனக்கும் வந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிக்குப் போய், அடுத்த வருடம் மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருக்கும்போது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பின்னேரம் நடுக்கம் வரும், அம்மா இருக்கிற சேலை எல்லாவற்றையும் என்மேல் போடுவா, பிறகு வியர்த்துக் கொட்டும். குளோரோகுயின் கசப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது, அதோடு பதினாலு நாள் பிரைமாகுயின். எழும்பிவிட்டேன். ஆனால் எங்கள் நாட்டில் பெரும்பாலும் இருந்தது வைவக்ஸ் என்ற வகை. ஊகாண்டாவில் ஏறக்குறைய எல்லாமே ஃபல்சிபாரம். இது மூளைக்கு ஏறும், இரத்தத்தை மளமளவென்று குறைக்கும், சின்னப் பிள்ளையை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோகக்கூடியது. குளோரோகுயின் அதற்குப் பல வருடங்களுக்கு முன்னமே கேட்காமல் போய்விட்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதுதான் எங்கள் ஆட்களை ஏமாற்றுகிறது.

சரி, அந்த 9க்கு வருவோம். எப்படி எடுக்கிறார்கள், எங்கள் வீட்டுக்கும் வருவார்களா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு குழு வந்தபோது நான் இரண்டு நாள் கூடப் போனேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை எண்ணுவதில்லை, சீட்டுக் குலுக்குவதுபோல் தெரிவு செய்த வீடுகளுக்கு நேரே போகிறார்கள். தாயிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் பிள்ளையின் விரலில் சின்னக் குத்து. முதல் துளியைத் துடைத்துவிடுவார்கள். அடுத்த துளிகளில் ஒன்று இரத்தச்சோகை பார்க்கும் கருவிக்கு, ஒன்று உடனடிப் பரிசோதனை அட்டைக்கு, ஒன்று ஸ்லைடில் தடிப்பாகப் பூச. அட்டையில் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் ஒரு கோடோ இரண்டு கோடோ வரும், இரண்டு வந்தால் மலேரியா. ஒரு மாமரத்துக்குக் கீழே பாயில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள், ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இரண்டு பேருடைய அட்டையில் இரண்டாவது கோடு வந்தது. அந்த இடத்திலேயே மருந்து கொடுத்தார்கள், ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போன பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்தால் பயப்படாமல் கையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். அதே 2018-19 கணக்கெடுப்பில் அட்டை சொன்னது நூற்றுக்கு 17, நுணுக்குக்காட்டி சொன்னது 9. அட்டை பார்ப்பது மலேரியா ஒட்டுண்ணி விடும் ஒரு புரதத்தை, நோய் மாறிய பிறகும் அது சில கிழமை இரத்தத்தில் நிற்கும். அதனால் போன மாதம் வந்து மாறின பிள்ளையும் அட்டையில் சேர்ந்துவிடும். இரண்டும் பிழை இல்லை, வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்கள். அப்புறம், 9 என்பது முழு நாட்டுக்குமான சராசரி. கம்பாலாவில் நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. நீங்கள் போகப்போவது கம்பாலாவுக்கு இல்லை, ஜிஞ்சா இருக்கிற பூசோகாவுக்கு. அது சராசரிக்கு மேலே நிற்கிற பகுதி, போதாக்குறைக்குச் சுற்றிக் கரும்புத் தோட்டம்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த மாமரத்தடிப் பிள்ளைகள் ஒட்டுண்ணியை வைத்துக்கொண்டு ஓடி விளையாடினார்களே, அது. பிறந்ததிலிருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டு, தப்பிப் பிழைத்த பிள்ளைகளின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஊறியிருக்கிறது. உங்கள் மகனுக்கு அது துளியும் இல்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்துவிட்டது. அது எங்களுக்குப் பெருமைதான், ஆனால் உங்கள் மகனின் உடம்பு இந்த நோயைக் கண்டதே இல்லை. அங்கே ஒரு பிள்ளைக்கு இலேசாகப் போவது அவனுக்கு அப்படிப் போகாது.

பிள்ளைத்தாய்ச்சிக்கு இன்னும் மோசம். இதை என் சொந்தக் கதையாகவே சொல்கிறேன், இலகுவாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. 2009, எனக்கு ஆறாம் மாதம், முதல் பிள்ளை. அந்த வருடம் எடுத்த கணக்கெடுப்பில் ஊகாண்டாவின் சராசரியே நூற்றுக்கு 42. ஏரிக்கரையில் ஒரு சிநேகிதி வீட்டில் இரண்டு இரவு தங்கினேன், வலை இல்லை, இரண்டு இரவுதானே என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் காய்ச்சல். போன ஒரு தனியார் கிளினிக்கில் விரலில் குத்திக்கூடப் பார்க்கவில்லை, பனடோலும் ஏதோ கிருமிக் குளிசையும் தந்து அனுப்பினார்கள். நானும் ஆய்வுகூடக்காரி, என் இரத்தத்தை நானே பார்த்திருக்கலாம், எழும்ப ஏலாமல் கிடந்தேன். நாலாம் நாள் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் 6.8. குயினைன் ஏற்றினார்கள், காதுக்குள் வண்டு இரைவதுபோல் இரவு பகலாக இரைந்தது, இரத்தத்தில் சீனி விழுந்து விழுந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. மகன் 35ஆம் கிழமையில் பிறந்தான், 1.9 கிலோ.

அவன் பிறந்த அன்று சூல்வித்தகத்தில் (நச்சுக்கொடியில்) இருந்து ஒரு பூச்சு எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு வேலைக்குத் திரும்பி அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். உயிருள்ள ஒட்டுண்ணி இல்லை, ஆனால் இடைவெளி எல்லாம் கறுப்புத் தூள், ஒட்டுண்ணி இரத்தத்தைத் தின்றுவிட்டு விட்ட கழிவு. ஃபல்சிபாரம் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்கிறது, பிள்ளைக்குப் போகும் உணவும் காற்றும் கடக்கிற அதே இடத்தில். தாயின் விரலில் குத்தினால் சுத்தமாகத் தெரிந்து, உள்ளுக்குள் நிறைந்திருக்கவும் கூடும். முதல் பிள்ளைக்குத்தான் இது கூட என்பார்கள், ஆனால் அது அங்கேயே வளர்ந்த தாய்மாருக்கான கணக்கு. எங்களுக்கு முதல், இரண்டாவது என்ற வித்தியாசம் பெரிதாகக் கை கொடுக்காது.

அங்கே கிளினிக்கில் நாலாம் மாதத்திலிருந்து கர்ப்பிணிகளுக்கு மலேரியா வராமல் தடுக்க ஃபான்சிடார் என்ற மருந்தை, மூன்று குளிசையும் ஒன்றாக, தாதியின் முன்னாலேயே விழுங்க வைப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளி, மூன்று தரத்துக்குக் குறையக்கூடாது. எத்தனை தாய்மார் மூன்றும் எடுத்தார்கள் என்பதையும் கணக்கெடுப்பில் கேட்பார்கள். நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகள் நல்ல நிறையோடு பிறக்கக் காரணம் அது. ஆனால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி உள்ள தாய்மாருக்காக வகுத்தது, உங்கள் மனைவி அதை மட்டும் நம்பிப் போக முடியாது. (இங்கே யாராவது 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்திருந்தால் அது ஃபான்சிடாரின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள்.) வெளியில் இருந்து போகிற கர்ப்பிணிக்கு வாரம் ஒன்று எடுக்கும் மெஃப்லோகுயின் போல வேறு தடுப்பு மருந்து வேண்டும், அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். டொக்சிசைக்கிளின் கர்ப்பிணிக்கும் ஆகாது, உங்கள் மகனின் வயதுக்கும் ஆகாது.

நவம்பர் என்றீர்கள். மழைக்குப் பின்னால் காய்ச்சல் ஏறுகிற காலம் அது, உங்கள் மனைவிக்கும் அப்போது ஆறாம் மாதம். எனக்கு அந்தக் கணக்கைப் பார்க்கவே நெஞ்சு பதைக்கிறது.

நுளம்பு வலை போதுமா என்றும் கேட்டீர்கள். வலை நல்லது, மருந்து ஊறவைத்த வலையாக இருக்க வேண்டும். ஆனால் வலை வீட்டில் இருப்பது வேறு, அதற்குள் படுப்பது வேறு. கணக்கெடுப்பவர்கள் வலை இருக்கிறதா என்று கேட்டதோடு விடுவதில்லை, அறைக்குள் போய்ப் பார்க்கிறார்கள், நேற்று இரவு இதற்குள் படுத்தது யார் யார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கிறார்கள். 2018-19இல் நூற்றுக்கு 83 வீட்டில் வலை இருந்தது, ஆனால் முதல் நாள் இரவு அதற்குள் படுத்த சின்னப் பிள்ளைகள் நூற்றுக்கு 60 பேர்தான். ஒரு வீட்டில் வலை புதிதாகவே உறைக்குள் இருந்தது, விருந்தாளிக்கு வைத்திருக்கிறோம் என்றார் அந்த அம்மா. இன்னொரு வீட்டில் அதன்மேல் முக்கேனே என்ற சின்னமீன் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் போனதும் முதல் வேலையாக சன்னல், கதவு எல்லாவற்றுக்கும் நுளம்பு வலைக்கம்பி அடியுங்கள், கட்டிலுக்கு வலை, அதன் ஓரம் மெத்தைக்குக் கீழே செருகியிருக்க வேண்டும். இந்த நுளம்பு கடிப்பது கூடுதலாக நடுச்சாமத்தில், டெங்கு நுளம்புபோல் பகலில் இல்லை.

பிறகு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே குத்திப் பாருங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்ற கதை வேண்டாம். மலேரியா என்று வந்தால் கோஆர்டெம் என்ற குளிசை தருவார்கள், மூன்று நாள், ஆறு தரம், பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ சேர்த்து, இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறவர்கள் ஏராளம், நீங்கள் நிறுத்தாதீர்கள்.

குழந்தை இங்கே பிறந்து, உங்கள் வீடும் தயாரான பிறகு எல்லாரும் வரலாம். 2025 ஏப்ரலில் ஊகாண்டா மலேரியாத் தடுப்பூசி தொடங்கியிருக்கிறது, ஆறு, ஏழு, எட்டாம் மாதங்களிலும் பதினெட்டாம் மாதத்திலும் போடுவார்கள். மகனுக்கு வயது தாண்டிவிட்டது, பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கிடைக்கும்.

போகுமுன் இங்கே மலேரியா தடை இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போங்கள், வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசையை இலவசமாகவே தருகிறார்கள். விடுமுறையில் திரும்பி வரும்போதும் அவர்களிடம் சொல்லி இரத்தம் கொடுங்கள். இங்கே காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் டெங்குதான் நினைவு வரும், ஆபிரிக்காவில் இருந்து வந்தேன் என்று நீங்களாகச் சொன்னால்தான் வைத்தியர் மலேரியாவை யோசிப்பார். மலேரியாவைக் காவுகிற நுளம்பு எங்கள் ஊரை விட்டுப் போகவும் இல்லை. 1963இல் நாடு முழுக்க 17 பேர் என்ற அளவுக்கு இறங்கி, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2016இல் மன்னாரில் புதிதாக ஸ்டெபென்சி என்ற மலேரியா நுளம்பு வகையைக் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். கிணறு, தொட்டி எல்லாம் அதற்கு வசதிதான்.

தீர்த்தம் முடிந்து ஒரு கிழமை வரை நான் இங்கேதான் நிற்கிறேன். மனைவியின் கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் வாருங்கள். அவரோடு நான் கதைக்கிறேன்.