ஒற்றை நுரையீரலில் மூச்சு: கேள்வி-பதில்

கே: மார்பு ஆபரேஷனில் ஒரு நுரையீரலை மட்டும் ஊத, எல்லோரும் இடது பக்க டபுள் லூமன் டியூபையே (இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள இரட்டைக் குழாய்) போடுகிறார்களே, ஏன்?

வலது மேல்மடலுக்குப் போகும் கிளை கரீனாவிலிருந்து (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) 2 செ.மீ. அளவிலேயே பிரிந்துவிடுகிறது. கஃப் (டியூபின் நுனிப் பக்கம் இருக்கும் சிறு பலூன்) கொஞ்சம் நகர்ந்தாலும் அதன் வாய் அடைபடும். இடதில் சுமார் 5 செ.மீ. இடம் இருக்கிறது. இடது பிரதான மூச்சுக்கிளையிலேயே கத்தி வைக்கப்போகிறார்கள் என்றால் வலது டியூப் போடுங்கள்.

கே: ஒரு நுரையீரலுக்கு மாற்றியதும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 88 சதவீதத்துக்கு இறங்குகிறது. பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) எவ்வளவு ஏற்றலாம்?

எந்தப் பக்க ஆபரேஷன், டியூப் எத்தனை செ.மீ.யில் நிற்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எதையுமே எழுதவில்லை. மருந்துக் கடையில் கேட்பது போல இதைக் கேட்கக் கூடாது. பீப்பில் கை வைக்கும் முன் ஸ்கோப்பை (டியூபுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்திருந்தபோது பார்த்தது கணக்கில் வராது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது தலை அசையும், டியூப் 1 செ.மீ. வெளியே வரும், கஃப் கரீனா மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில் ஸ்கோப்பை பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வரும்வரை வென்டிலேட்டரின் எண்களை மாற்றிக்கொண்டே நின்றோம். உள்ளே பார்த்தால் நீலக் கஃப் கரீனாவை மூடிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் அதன் மேல்விளிம்பு மெல்லிய பிறை மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்றும் ஸ்கோப் இல்லாமல் மார்பு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டால் எனக்கு மனம் பதறுகிறது.

டியூப் சரியாக இருக்கிறதா? ஆக்சிஜனை 100 சதவீதம் ஆக்குங்கள், சளியை உறிஞ்சுங்கள். பி.பி.யைப் பார்த்துக்கொண்டே கீழ் நுரையீரலை (ஒருக்களித்த நிலையில் கீழே இருப்பது, நாம் ஊதுவது) ஒருமுறை நன்றாக விரித்து, பிறகு பீப் 5 வையுங்கள். அப்புறமும் ஏறாவிட்டால், சர்ஜனிடம் சொல்லிவிட்டு மேல் நுரையீரலுக்கு (ஆபரேஷன் நடப்பது) 5 அளவில் சிபேப் (விடாமல் கொடுக்கும் லேசான அழுத்தம்). மளமளவென்று இறங்கினால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். சர்ஜனை நிறுத்தச் சொல்லி இரண்டு நுரையீரலையும் ஊதுங்கள்.

கே: டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் செலுத்தும் காற்றின் அளவு) கிலோவுக்கு 10 மில்லி கொடுக்கலாமா?

கூடாது. 4 முதல் 6 போதும். அதுவும் உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு. கார்பன் டை ஆக்ஸைடு 50, 55 வரை போனால் பெரும்பாலானவர்கள் தாங்குவார்கள். பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே தள்ளி நிறுத்தியதும் காட்டும் அழுத்தம்) 30ஐத் தாண்ட விடாதீர்கள்.

கே: சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு) நோயாளிக்கும் இதே கணக்குதானா?

மூச்சு வெளியேற நேரம் கொடுங்கள். வென்டிலேட்டர் திரையில் ஃப்ளோ கோடு (காற்று ஓடும் வேகத்தைக் காட்டுவது) பூஜ்யத்துக்கு வருவதற்குள் அடுத்த மூச்சைத் தள்ளினால் உள்ளே காற்று தங்கும், பி.பி. விழும். அங்கே பீப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள்.

கே: மேல் நுரையீரல் சுருங்கவில்லை என்று சர்ஜன் கத்துகிறார்.

முதலில் ஸ்கோப். மார்பைத் திறக்கும் முன்பே சில நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்திருந்தால் வேகமாகச் சுருங்கும். உள்ளே நைட்ரஜன் இருந்தால் தாமதமாகும்.

கே: அப்பாவுக்கு நுரையீரல் ஆபரேஷன். ஒரு நுரையீரலை நிறுத்திவிடுவார்களாமே, மூச்சு போதுமா?

போதுமா என்று முன்கூட்டியே சோதித்துத்தான் தேதி கொடுப்பார்கள், பயப்படாதீர்கள். அவர் பீடியை இன்றே நிறுத்தட்டும். 4 வாரம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நிறுத்தட்டும்.