கிரெடிட் ஸ்கோர் பார்க்க வங்கிக் கணக்கை இணைக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் என்னுடைய கிரெடிட் ஸ்கோரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு செயலியைத் திறந்தேன். வங்கிக் கணக்கைப் பாதுகாப்பாக இணைக்குமாறு அது கேட்கிறது. இணைக்கலாமா? பணத்துக்கு ஏதேனும் ஆபத்து வருமா?

பதில்:

ஸ்கோரைப் பார்ப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், இந்தியாவில் எந்த வங்கிக் கணக்கையும் எங்கும் இணைக்க வேண்டியதில்லை. வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் ‘இணைத்தல்’ என்ற பெயரில் இன்று இணையத்தில் நடப்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. அவற்றுள் ஒன்று ரிசர்வ் வங்கியே வகுத்த ஒழுங்கான ஏற்பாடு. மற்றொன்று உங்கள் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்கு ஒப்பானது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

கடனை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறோம் என்பதைக் காட்டும் எண்தான் கிரெடிட் ஸ்கோர். முதலில் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் உரிமம் பெற்று இயங்குகின்றன. கடன் கொடுத்த ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், தவணை உரிய நாளில் வந்ததா, கிரெடிட் கார்டில் எவ்வளவு நிலுவை என்பன போன்ற விவரங்களை இந்த நான்குக்கும் அனுப்பியாக வேண்டும். 2025 ஜனவரி முதல் இதைக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த விவரங்களிலிருந்துதான் 300 முதல் 900 வரையிலான எண் கணக்கிடப்படுகிறது. உங்கள் சேமிப்புக் கணக்கில் உள்ள இருப்பு, மாதச் சம்பளம், வைப்புநிதி, யுபிஐ மூலம் மளிகைக் கடைக்கு அனுப்பிய தொகை ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் சேராது. கணக்கில் ஐம்பது லட்ச ரூபாய் வைத்திருப்பவர் இதுவரை கடனே வாங்கியதில்லை என்றால் அவருக்கு ஸ்கோர் என்று ஒன்று இருக்காது. ஆகவே, சேமிப்புக் கணக்கை இணைத்தால்தான் ஸ்கோரைக் காட்ட முடியும் என்று ஒரு செயலி சொன்னால், அதன் நோக்கம் வேறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் இணையத்தில் தேடும்போதெல்லாம் ‘வங்கிக் கணக்கை இணையுங்கள்’ என்ற அறிவுரை கண்ணில் படுகிறது? ஒரு காரணம், அவற்றில் பல அமெரிக்காவையும் பிரிட்டனையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அமெரிக்காவில் 2019-இல் தொடங்கப்பட்ட எக்ஸ்பீரியன் பூஸ்ட் என்ற சேவையில், வங்கிக் கணக்கை இணைத்தால் தொலைபேசி, மின்சாரம் போன்றவற்றுக்கு ஒழுங்காகக் கட்டிய கட்டணங்களையும் எடுத்துக்கொண்டு ஸ்கோரைச் சற்று உயர்த்திக் காட்டுவார்கள். அந்த ஊர் நடைமுறையில் அதற்குப் பொருள் உண்டு. நம்முடைய வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்கு அதனால் பயனில்லை. இன்னொரு காரணம், ஸ்கோரை இலவசமாகக் காட்டும் செயலிகளில் பெரும்பாலானவற்றின் வருமானம் கடன் விற்பனையிலிருந்து வருகிறது. உங்கள் கணக்கில் மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது என்று தெரிந்தால் எந்தக் கடனை உங்களிடம் விற்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்கோர் பார்க்க வந்தவரிடம் அதே மூச்சில் கணக்கையும் இணைக்கச் சொல்வதற்கு அதுவே அடிப்படை.

சரியான வழி எளிமையானது. மேலே சொன்ன நான்கு நிறுவனங்களும், ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே சென்று பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டால் போதும். வங்கிக் கணக்கு எண்ணோ டெபிட் கார்டு எண்ணோ தேவைப்படாது. கட்டணச் சந்தாத் திட்டங்களையும் அதே பக்கங்களில் விளம்பரப்படுத்தியிருப்பார்கள். கார்டு விவரம் கேட்கும் பக்கம் வந்துவிட்டால் நீங்கள் இலவசப் பாதையிலிருந்து விலகிவிட்டீர்கள் என்று பொருள், பின்னால் திரும்பி வாருங்கள். நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தால், பைசா செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது; கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கடன் கொடுப்பவர் பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும், அவை குறுகிய காலத்தில் நிறையச் சேர்ந்தால் ஸ்கோர் இறங்கக்கூடும்.

எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். அறிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தம்பிக்கு வீட்டுக்கடன் தாமதமானபோது அவருடைய அறிக்கையை அவருடன் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சிறு கட்டங்கள் இருந்தன. தவணை உரிய நாளில் வந்த மாதத்தில் 000 என்றும், தாமதமான மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். அவருடைய இருசக்கர வாகனக் கடனின் கட்டங்களெல்லாம் 000-ஆக இருக்க, கைபேசி வாங்க எடுத்ததாகக் காட்டப்பட்ட ஒரு சிறு கடனின் கட்டங்களில் மட்டும் 30, 60, 90 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. அந்தக் கடனை அவர் வாங்கியதே இல்லை. அவருடைய பான் அட்டையின் நகலை யாரோ எங்கோ பயன்படுத்தியிருந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஸ்கோர் குறைவு என்று வருத்தப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார். வரி வரியாகப் படித்ததால் எங்கே அடி விழுந்தது என்று தெரிந்தது.

இப்படித் தவறான பதிவு இருந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்பு தெரிவிக்கலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனமும் கடன் தகவல் நிறுவனமும் சேர்ந்து 30 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இணையம் வழியாகவே முறையிடலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. அந்தத் தம்பியின் அறிக்கையிலிருந்து அந்தக் கடன் நீக்கப்பட்ட பிறகே அவருடைய விண்ணப்பம் நகர்ந்தது.

இனி, கணக்கை இணைப்பது எப்போது பொருத்தம் என்பதற்கு வருகிறேன். நீங்கள் உண்மையிலேயே வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் வருமானத்தைச் சரிபார்க்க வங்கி ஆறு மாதமோ ஓராண்டோ கணக்கு அறிக்கையைக் கேட்கும். அதைக் காகிதமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ கொடுப்பதற்குப் பதிலாக, அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாட்டின் வழியே அனுப்பலாம். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்டது. 2021 செப்டம்பரில் இது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபின்வு, ஒன்மணி, அனுமதி போன்றவை இத்தகைய நிறுவனங்கள். உரிமம் பெற்றவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது. உங்கள் வங்கியிலிருந்து கடன் கொடுப்பவருக்குத் தகவலைக் கொண்டுசேர்ப்பது மட்டுமே இவற்றின் வேலை. தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதால் இடையில் நிற்கும் இந்த நிறுவனம் அதைப் படிக்க முடியாது, சேமித்து வைக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ இது கேட்கவே கூடாது என்று விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வழியில் செல்லும்போது திரையில் வருவதை நிதானமாகப் படியுங்கள். கைபேசி எண்ணை ஓடிபியால் உறுதி செய்ததும், அந்த எண்ணில் உள்ள உங்கள் கணக்குகள் கடைசிச் சில இலக்கங்கள் மட்டும் தெரியும்படி பட்டியலாக வரும். வேண்டிய கணக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். சம்பளம் வரும் கணக்கு போதும் என்றால் மற்றவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். வங்கி தனியாக ஒரு ஓடிபி அனுப்பி இணைப்பை உறுதி செய்யும். அதன்பின் வருவதுதான் ஒப்புதல் பக்கம், பெரும்பாலோர் படிக்காமல் கடந்து போவதும் அதுவே. தகவலைக் கேட்பவர் யார், எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான பரிவர்த்தனைகள், ஒரு முறை மட்டுமா அல்லது மாதந்தோறுமா, ஒப்புதல் எப்போது முடிகிறது என்பனவெல்லாம் அங்கே இருக்கும். ஒரு கடன் விண்ணப்பத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும். தினமும் எடுப்போம், ஐந்தாண்டு செல்லும் என்று இருந்தால் மறுத்துவிடுங்கள். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் அதே செயலியில் ரத்து செய்யலாம், ஆனால் ரத்து செய்வதற்கு முன் போய்விட்ட தகவல் அதனால் திரும்பி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த இணைப்பின் வழியே பணம் எடுக்க வழியில்லை. தகவலைப் பார்ப்பதற்கு மட்டுமே அது பயன்படும். நீங்கள் கேட்ட பண ஆபத்து இந்த வழியில் இல்லை என்று சொல்வது அதனால்தான்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிவிட்டு, செயலிக்குள்ளேயே உங்கள் நெட்பேங்கிங் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யச் சொல்லும் இணைப்புகள் உண்டு. கடவுச்சொல்லைப் பெற்றவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார் என்பதற்கு அவருடைய வாய்மொழி தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. ‘256 பிட் பாதுகாப்பு’, ‘வங்கிக்கு நிகரான பாதுகாப்பு’ என்று பச்சைப் பூட்டுப் படத்தோடு எழுதியிருந்தாலும் கொடுக்காதீர்கள். ஸ்கோரைக் காட்ட யுபிஐ பின் கேட்டால் அது அப்பட்டமான மோசடி. அந்தப் பின்னை இட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (கைபேசியில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவச் சொல்வதும், உதவுவதாகச் சொல்லி உங்கள் திரையைப் பகிரச் சொல்வதும் அதே வகை. தொடர்புகளையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியையும் உடனே நீக்குங்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி வரையறுத்துவிட்டது.

ஏற்கெனவே எங்காவது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். வங்கியின் சொந்தத் தளத்துக்குச் சென்று கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், நீங்கள் சேர்க்காத பயனாளி எவரேனும் பணப் பரிமாற்றப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல்லை நாமே பகிர்ந்ததால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நம்மைச் சேரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். அதனால் தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல், புகார் எண்ணையும் பதிவான நேரத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.